பொதிகை மலைக்கு ஏறுவது எப்படி? மூணு நாள் நடைக்கு ஒரு திட்டம்



மேகம் இல்லாத நாளில் நம்ம ஊர் மேற்குப் பக்கம் பார்த்தால் கூம்பு மாதிரி ஒரு மலை தெரியுமே, அதுதான் பொதிகை. அகத்தியர் மலை, அகஸ்தியர்கூடம் என்றும் சொல்வார்கள். உயரம் 1,868 மீட்டர். நம்ம தாமிரபரணி பிறப்பது இந்த மலைப் பக்கத்தில்தான். மேற்கே போகிற நெய்யாறும் கரமனை ஆறும் இங்கேயிருந்துதான் கேரளாவுக்கு ஓடுகின்றன. தினமும் இந்த மலைத் தண்ணீரைக் குடிக்கிறோம், ஆனால் அங்கே போவது எப்படி என்று நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால் நான் படித்ததையும், போய்வந்த பெரியவர்களிடம் கேட்டதையும் சேர்த்து இந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறேன்.

1. எந்த வழி? எந்த மாதம்?

மலையின் கிழக்குப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். மேற்குப் பக்கம் கேரளாவின் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்கள். உச்சிக்குப் போகிறவர்கள், நம்ம பக்கத்து ஆட்களாக இருந்தாலும், கேரளா வழியாகத்தான் போகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக போனக்காடு போக வேண்டும். ஏறக்குறைய 60 கி.மீ. அங்கேதான் நடை ஆரம்பம்.

வருஷம் பூரா போக முடியாது. ஜனவரி நடுவில் தொடங்கி சிவராத்திரி வரைக்கும்தான் பொதுவாக அனுமதி. காரணம் மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, இந்த மலைக்கு இரண்டும் உண்டு. மழையில் பாறை வழுக்கும், ஓடையில் வெள்ளம் வரும், அட்டை பெருகும். இரண்டு மழையும் ஓய்ந்த இடைவெளிதான் ஜனவரி, பிப்ரவரி.

2. அனுமதி

கேரள வனத்துறையின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருப்பதால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கட்டணம் அடிக்கடி மாறுகிறது, அந்தந்த வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும். அடையாள அட்டை வேண்டும். உடம்பு நல்லா இருக்கு என்று டாக்டர் கொடுத்த சான்றிதழும் வேண்டும், அது 7 நாளைக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். 14 வயதுக்குக் கீழே இருந்தால் அனுமதி இல்லை. 14 முதல் 18 வரை உள்ளவர்கள் பெற்றோருடன் போகலாம், அல்லது பெற்றோரின் சம்மதக் கடிதம் கொண்டுபோக வேண்டும்.

எனக்கு இப்ப 14 வயசு. எங்க ஆச்சியிடம் சொன்னேன். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குட்டி மலை?" என்று கேட்டாங்க. ஆச்சி சொன்னதிலும் ஒரு பழைய கதை இருக்கு. ரொம்ப காலமாகப் பெண்களை உச்சி வரை விடவே இல்லை. அகத்தியர் பிரம்மச்சாரி என்று மலையில் வாழும் காணி மக்களில் பலர் நம்புகிறார்கள். 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம், பெண் என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்கக் கூடாது என்று சொன்னது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் அதிகாரி உச்சி வரை ஏறினார். காணி மக்கள் சிலர் வருத்தப்பட்டுப் பாட்டுப் பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். என் கருத்து என்னவென்றால், நாம போகலாம், ஆனால் அவர்கள் வீட்டுக்குள் போகிற விருந்தாளி மாதிரி போகணும். சத்தம் போடக் கூடாது, சிலையைத் தொடக் கூடாது.

3. மூணு நாள் கணக்கு

முதல் நாள்: போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம். ஏறக்குறைய 15 கி.மீ. லாத்திமொட்டை, கரமனை ஆறு, அட்டை ஆறு என்று காட்டு ஓடைகளைத் தாண்டிப் போகணும். அப்புறம் புல்வெளி, வெயில். கடைசியில் 'முட்டிடிச்சான்' ஏற்றம். பேரே சொல்லுதே, ஏறும்போது முட்டி வந்து இடிக்கிற அளவு செங்குத்து! இரவு முகாமில் தங்கணும்.

இரண்டாம் நாள்: அதிருமலையிலிருந்து பொங்கலப்பாறை வழியாக உச்சி, திரும்பவும் முகாம். ஒரு வழி சுமார் 6 கி.மீ. தான், ஆனால் இதுதான் கஷ்டம். கடைசியில் மொட்டைப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறணும்.

மூன்றாம் நாள்: முகாமிலிருந்து போனக்காடு இறக்கம்.

போகவும் வரவும் பயண நாள் இரண்டு சேர்த்தால் மொத்தம் ஐந்து நாள் லீவு வேண்டும். காலாண்டு, அரையாண்டு லீவில் அனுமதி கிடையாது, இதையும் யோசிக்கணும்!

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட ஒரு சூத்திரம் உண்டு. 1892-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்பவர் சொன்னது. 5 கி.மீ.க்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 மணி நேரம் கூட்டணும். உதாரணத்துக்கு 15 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 3 + 1 = 4 மணி நேரம். ஆனால் இது பழகிய ஆளுக்கு. நமக்கு இரண்டு மடங்கு, அதாவது 8 மணி நேரம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் மாலை 4 மணி. சாயங்காலம் யானை நடமாடும் நேரம், அதற்குள் முகாமுக்குள் இருக்கணும். தாமதமாகக் கிளம்பக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

4. பையில் என்ன?

உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. 40 கிலோ உள்ள பிள்ளை 8 கிலோ வரை தூக்கலாம். நம்ம புத்தகப் பையை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 6 கிலோ! ஆக நமக்குப் பாதிப் பழக்கம் ஏற்கனவே உண்டு.

தண்ணீர் 1 லிட்டர் என்றால் 1 கிலோ. வழியில் ஓடை இருப்பதால் 2 லிட்டர் போதும், காலியானதும் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் புல்வெளி ஏற்றத்துக்கு முன்னால் கட்டாயம் நிரப்பிவிடணும். சாப்பாட்டுக்கு முதல் நாள் புளியோதரை, பிறகு அவல், பொரிகடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். இவையெல்லாம் கெடாது, எடையும் குறைவு.

குளிருக்கு ஒரு கணக்கு. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். நம்ம ஊரைவிட உச்சியில் 10 டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும். காற்றும் சேர்ந்தால் நடுங்கும். அதனால் ஸ்வெட்டர், காது மூட துணி, மாற்று உடுப்பு ஒரு செட் பாலிதீன் இல்லாத பையில். டார்ச் லைட், விசில், உப்புத் துணி, கட்டுத்துணி, பஞ்சு, காய்ச்சல் மாத்திரை. அட்டை கடித்தால் பிடித்து இழுக்கக் கூடாது, உப்பு வைத்தால் தானாக விழும். புதுச் செருப்பு, புது ஷூ போடவே கூடாது, பழகியதுதான் நல்லது.

பெண் பிள்ளைகள் அந்த நாள் வராவிட்டாலும் அதற்கான பொருளைக் கையில் வைத்திருக்கணும். பயன்படுத்தியதைக் காட்டில் போடாமல் காகிதத்தில் சுற்றிக் கீழே கொண்டுவரணும். இதை எழுத வெட்கப்படலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் யார் சொல்வது?

5. ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தது. மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பலர் இளம் பெண்கள். கோடையில் புல் காய்ந்து கிடக்கும். தீ சமதளத்தைவிட மேட்டில் வேகமாக ஏறும், ஏனென்றால் சூடு மேலே போய் அடுத்த புல்லை முன்பே காயவைத்துவிடும். ஓடுகிறவர்களைவிட அது வேகம். அனுமதி பெற்ற பாதை, வழி தெரிந்த ஆள், எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்ற பட்டியல், இவை மூன்றும் இருந்தால்தான் ஆபத்தில் நம்மைத் தேடி வர முடியும். பீடி, தீப்பெட்டி கூடவே கூடாது என்பதும் இதனால்தான்.

6. வழி காட்டுகிறவர்கள்

காணி மக்கள் இந்தக் காட்டின் புத்தகம் மாதிரி. 1987-இல் ஆராய்ச்சிக்காக வந்தவர்கள் நடந்து களைத்துப்போனார்கள். கூட வந்த காணிகளோ ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே சோர்வில்லாமல் நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்தார்கள், வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு கொடுத்தார்கள். அதனால் வழிகாட்டி "நில்லு" என்றால் நிற்கணும், "திரும்பு" என்றால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பணும். மலை அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

நினைவில் கொள்க:
* கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் முன்னால், பழகியவர் கடைசியில்.
* பிளாஸ்டிக் கூடாது, பூஜைப் பொருளும் கூடாது.
* யானை கண்டால் சத்தமும் இல்லை, செல்போன் படமும் இல்லை.
* கொண்டுபோன குப்பை நம்மோடு திரும்பி வரணும்.

தோழிகளே, நான் இன்றிலிருந்து குளத்தங்கரையைத் தினமும் இரண்டு சுற்று நடக்க ஆரம்பிக்கிறேன். வாரம் ஒரு நாள் புத்தகப் பையோடு. கூட வர விருப்பமுள்ளவர்கள் இடைவேளையில் என்னைப் பாருங்கள். அப்பாவிடம் கையெழுத்து கேட்கும்போது "எனக்கு ஆசை" என்று மட்டும் சொன்னால் போதாது. இந்தத் திட்டத்தையும் கையில் கொடுங்கள். கணக்கு சரியாக இருந்தால் பெரியவங்க யோசிப்பாங்க.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி