சுவாமிமலையின் தூணும் குதிக்காத பெண்ணும்

திருகோணமலை நகரின் கிழக்கே கடலுக்குள் நீண்டு செல்லும் நிலமுனையின் மீது பிரெட்ரிக் கோட்டை அமைந்துள்ளது. அதன் வாயிலைக் கடந்து, இராணுவ முகாமையும் புள்ளிமான்கள் மேயும் மரநிழல்களையும் தாண்டி மேலேறுவோர், கோணேசர் ஆலயம் நிற்கும் சுவாமிமலையின் உச்சியை அடைகின்றனர். அங்கே பாறை சில நூறு அடி ஆழத்துக்குச் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. இலங்கையின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வரும் பயணிகளுக்கு இந்த விளிம்பு ஒரு துயரக் கதையோடு சேர்த்தே காட்டப்படுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் பிரான்சினா வான் ரீட் என்னும் இளம்பெண், தன்னை மணப்பதாக வாக்களித்த அதிகாரி கப்பலேறிச் செல்வதைக் கண்டு மனமுடைந்து, இவ்விடத்திலிருந்து கடலில் குதித்து உயிர்விட்டாள் என்பது அக்கதை. அகால மரணம் நேர்ந்த இடத்தில் ஆவி உலவும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருப்பதால், கதையைக் கேட்டவர்கள் பாறை விளிம்பைச் சற்று அச்சத்துடனேயே அணுகுகின்றனர்.

கதைக்குச் சான்றாகக் காட்டப்படுவது மலையின் உயர்ந்த பகுதியில் நிற்கும் ஒரு கல்தூண். அதில் பிரான்சினாவின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்னும் நாளும் ஒல்லாந்த மொழியில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் எழுத்துகள் தேய்ந்துபோன அக்கல்வெட்டு, அவள் நினைவாகத் தூண் நிறுத்தப்பட்டதைத் தெரிவிக்கிறதே தவிர, காதலைப் பற்றியோ தற்கொலையைப் பற்றியோ ஒரு சொல்லும் கூறவில்லை. கல்வெட்டில் வரும் மைட்ரெக்ட் என்னும் ஊர்ப்பெயர் உண்மையான வரலாற்றுக்கு வழிகாட்டுகிறது. அவ்வூரின் பிரபு என்னும் பட்டம் பெற்றிருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். கேரளத்துத் தாவரங்களைப் படங்களுடன் விவரிக்கும் ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பன்னிரண்டு தொகுதி நூலை உருவாக்கியவர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இந்திய, இலங்கை நிலையங்களில் நடந்த முறைகேடுகளை விசாரிக்க 1684இல் அனுப்பப்பட்ட உயர் ஆணையாளர். அவருடைய வளர்ப்பு மகளே பிரான்சினா. 1691 டிசம்பரில் சூரத்துக்குச் செல்லும் வழியில் வான் ரீட் கப்பலிலேயே இறந்தபின்னும் அவள் உயிருடன் இருந்தாள் என்பதும், பின்னர் மணம் புரிந்துகொண்டாள் என்பதும் ஒல்லாந்து ஆவணங்களால் தெரிகின்றன. ஆகவே 1687இல் அவள் இப்பாறையிலிருந்து குதித்து இறந்திருக்க வழியில்லை.

அப்படியிருந்தும் கதை தழைத்ததற்குக் காரணம் தேடத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கிரேக்கக் கவிஞை சாப்போ குதித்ததாகச் சொல்லப்படும் லெவுகாஸ் தீவின் முனை தொடங்கி ஜமைக்காவின் தென்கரை வரை, உலகின் பல செங்குத்துப் பாறைகளுக்கு இதே வகைக் காதல் கதை சூட்டப்பட்டிருக்கிறது. தமிழர்க்கோ, நட்ட கல்லைக் கண்டவுடன் அதன் அடியில் ஒரு மரணத்தைத் தேடும் மரபு நடுகல் காலத்திலிருந்தே உண்டு. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டி, பெயர் பொறித்து, படையலிட்டு வணங்கிய மக்களின் வழிவந்தோர், தனித்து நிற்கும் தூணில் ஒரு பெண்ணின் பெயரைக் கண்டால் அவளுக்கு ஒரு முடிவைக் கற்பித்துக்கொள்வது இயல்பே.

வருந்தத்தக்கது என்னவெனில், நிகழாத அந்த மரணம் இம்மலையில் உண்மையாகவே நிகழ்ந்த பேரழிவை மறைத்துவிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் ஆலயத்தை, போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா 1620களின் முற்பகுதியில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினான். பாண்டியரின் இணைக்கயல் சின்னம் பொறித்த கல்லொன்றைக் கோட்டை வாயிலில் இன்றும் காணலாம். பிரான்சினாவின் பெயர் தாங்கிய தூணே இடிக்கப்பட்ட கோயிலுக்குரியதாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அவ்வாறாயின், பயணிகள் அனுதாபத்தோடு தொட்டுப் பார்க்கும் அந்தக் கல்லே அழிவின் எச்சமாகிறது; இதைப் பிரான்சினாவின் கதைக்கு முன்னதாகவே வழிகாட்டிகள் சொல்லியாக வேண்டும்.

பாறையின் பக்கவாட்டில் தெரியும் ஆழமான பிளவு இராவணன் வெட்டு எனப்படுகிறது. நோயுற்ற தாய் வழிபடுவதற்காக இம்மலையையே பெயர்த்துக்கொண்டு போக முயன்ற இராவணனின் வாள் பட்டு உண்டான பிளவு அது என்பது ஐதிகம். தாய் இறந்தபின் அவன் இறுதிக்கடன் செய்ததாகச் சொல்லப்படும் இடம், நகரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியா வெந்நீரூற்றுகள். ஏழு சிறு கிணறுகளில் வெவ்வேறு சூட்டில் நீர் ஊறும் அவ்விடத்தில் உல்லாசப் பயணிகள் நீராடி மகிழ்கின்றனர். இப்பகுதிச் சைவர்களோ, இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் செய்யும் அந்தியேட்டி என்னும் கிரியையை அங்கே செய்துவந்துள்ளனர். களிப்பும் நீத்தார் கடனும் ஒரே நீர்நிலையில் நெருடலின்றி இணைந்திருந்தமை இம்மாவட்டத்தின் சிறப்பு. சுவாமிமலையிலும் அதே நிலைதான்: படம் எடுத்துக்கொள்வோரின் ஆரவாரத்துக்கு நடுவே, பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் பாறை விளிம்பிலுள்ள மரத்தில் சிறு தொட்டில்களைக் கட்டிச் செல்கின்றனர்.

பாறைக்குக் கீழே கடலில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை 1956இல் கிடைத்தது. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் அவ்வாண்டில் மூழ்கித் தேடியபோது, இடிக்கப்பட்ட கோயிலுக்குரியவை எனக் கருதப்படும் செதுக்கப்பட்ட தூண்களும் கட்டடக் கற்களும் கடலடியில் சிதறிக் கிடப்பதைக் கண்டனர்; இலிங்கம் ஒன்றும் மீட்கப்பட்டது. அதற்கு முன்பு, 1950இல், கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டிருந்தன. மீண்டும் எழுப்பப்பட்ட ஆலயத்துக்கு 1963 மார்ச்சில் குடமுழுக்கு நடைபெற்றது.