ஆளில்லாத வீட்டில் வைஃபை

எறையூரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள், கேமரா பதிவைப் பார்க்க ஒரு கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் போவதுண்டு. கரண்ட் போய்த் திரும்பினால் ரௌட்டர் எழுந்துவிடும்; கம்ப்யூட்டர் மட்டும் வைஃபையில் ஏறாது. "தானாகச் சேரும்னு டிக் போட்டுத்தானே வந்தேன்?" என்று கேட்பீர்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானாக எழுகிறதா? பல மெஷின்களில் எழாது. பயாஸ் அமைப்பில் அதற்கென ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டு வையுங்கள்.

அடுத்து, ரௌட்டர் யாரையும் கூப்பிடாது. நொடிக்குச் சுமார் 10 முறை தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டு காட்டி, ஐபி எண் வாங்க வேண்டியது கம்ப்யூட்டர். இந்த மூன்று இடத்திலும் சிக்கல் வரும்.

பெயரே தெரியாமல் போகலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இந்தியாவில் 13 சேனல்கள். அமெரிக்கக் கணக்கில் அமைத்த அடாப்டருக்கு 11 வரைதான் தெரியும். சேனலைத் தானே தேர்ந்தெடுக்கும் ரௌட்டர், அடுத்த முறை 13-இல் போய் உட்கார்ந்தால் கதை முடிந்தது. 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு, லாக்இன் செய்த பிறகே திறக்கும் பெட்டியில் இருக்கலாம். லினக்ஸில் 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று மாற்றினால் தீரும். ரௌட்டர் அரைகுறையாக விழித்திருக்கும்போது இணைப்பு தவறினால், பாஸ்வேர்டுதான் தப்பு என்று எண்ணிக்கொண்டு புதிதாகக் கேட்டு நிற்கும் மெஷினும் உண்டு. பூட்டிய வீட்டில் யார் பதில் சொல்வது?

ஐபி எண் கிடைக்காவிட்டால் விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளும். வைஃபையில் சேர்ந்ததாகவே காட்டும். ஆனால் வெளியே எதுவும் போகாது.

ஆக, 'தானாக' என்ற அந்த ஏற்பாடு, நாற்காலியில் ஒரு ஆள் இருக்கிறார் என்று நம்பிச் செய்தது. அந்த ஆளின் வேலையை நாம்தான் வேறு வழியில் ஒப்படைக்க வேண்டும்.

லேன் கேபிள் இழுக்க முடிந்தால் இதில் பாதிக்கு மேல் தேவையே இல்லை. முடியாவிட்டால், மின்சாரம் மிச்சம்பிடிக்க அடாப்டரை அணைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரௌட்டருக்குப் பிங் அனுப்பி, பதில் வராவிட்டால் வைஃபையை அணைத்துப் போடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிடுங்கள். பிங் ரௌட்டருக்குத்தான், கூகுளுக்கு அல்ல: தெருவில் பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்தால், வைஃபையை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

கடைசியாக, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாளே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, கீபோர்டைத் தொடாமல் காத்திருந்து, போனில் கேமரா தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் மட்டும் பூட்டைப் போடுங்கள்.