நெசவாளர் இல்லத்தில் பீங்கான் ஓட்டுத் தளம்

நம் சங்க அங்கத்தினர் பலர், திருமணத்தையோ பொங்கலையோ முன்னிட்டு வீட்டுத் தரைக்குப் பீங்கான் ஓடு பதிக்க விரும்புகின்றனர். கடையில் ‘டைல்ஸ்’ என்று கேட்டால் தருவது இதுவே. இவ்விருப்பத்தைக் குறை கூறுவதற்கில்லை. தரையைத் துடைப்பது எளிது. சாணம் மெழுகும் வேலையும் பெண்மக்களுக்கு மிச்சம். ஆயினும், இதற்காக வாங்கும் கடனை நெசவுக் கூலியிலிருந்தும் விளைச்சல் வரவிலிருந்தும் அன்றோ தீர்க்க வேண்டும்?

ஓடு வெறும் மேற்பரப்பே. பாரத்தைத் தாங்குவது அதன் அடித்தளம். மண்ணைத் திமிசு கொண்டு இடிக்காமல், சல்லிக் கான்கிரீட்டும் போடாமல், கலவையை விரித்து ஓடு பதித்த வீடுகளை நாம் சுற்றுப்பயணத்தில் கண்டதுண்டு. நெல் மூட்டை அடுக்கிய மூலையில் மண் அமுங்கி, ஓடுகள் வரிசையாக வெடித்துக் கிடந்தன. கான்கிரீட் இறுகிய பிறகே, ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்த்த கலவையை ஏறக்குறைய முக்கால் அங்குலம் பரப்பி ஓடு பதிக்க வேண்டும். நீரை உறிஞ்சும் சாதாரணப் பீங்கான் ஓட்டை, குமிழி அடங்கும் வரை தண்ணீரில் ஊறவிடுதல் அவசியம். இன்றேல் அது கலவையின் ஈரத்தை இழுத்துப் பிடிப்பைக் கெடுத்துவிடும். ‘விட்ரிஃபைட்’ எனப்படும் வகையோ நீரை அநேகமாக உறிஞ்சுவதில்லை. அதனை ஊறவைப்பது வீண். அதற்குரிய பசைக்கலவையால் ஒட்டுவதே முறை.

பதித்த மறுநாள் ஒவ்வோர் ஓட்டையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டப் டப்’ என்று பொள்ளல் ஓசை எழுந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று பொருள். கொத்தனாருக்குக் கூலி முழுதும் கொடுக்குமுன் இதைச் செய்தல் உத்தமம்.

குளியலறையிலும் கொல்லைப்புறத்திலும் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் விடுக. வயலிலிருந்து சேற்றுக்காலுடன் வருவோர் வழுக்கி விழாதிருக்க, அங்கே சொரசொரப்பான ஓடே ஏற்றது. பளபளப்பில் மயங்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ள வேண்டாம்.

நெசவறையைப் பற்றித்தான் நாம் முக்கியமாக எழுத வந்தோம். குழித்தறி உள்ள அறைக்கு ஓடு வேண்டாமென்பது நம் கருத்து. தறிக்குழியின் மண் ஈரமே பருத்திப் பாவை வறண்டுவிடாமல் காக்கிறது. சித்திரை வெயிலில் இழை அறுவதும், தரையில் நீர் தெளித்தால் அது சற்றுக் குறைவதும் நெய்வோர் அறிந்ததே. சுற்றிலும் ஓடு பதித்துக் குழிக்கும் சிமெண்டு பூசிவிட்டால் அந்த ஈரம் அடைபட்டுப்போகும். இன்னொரு தொல்லையும் உண்டு. தரை இரண்டு அங்குலம் உயர்ந்தால் நெய்பவர் அமரும் இடமும் உயரும். தறியோ பழைய மட்டத்திலேயே நிற்கும். மிதியும் எட்டாமல், முதுகையும் வளைத்து, நாள் முழுதும் நெய்ய நேரும். கூலியை ஈட்டித் தரும் அறை அதுவாகையால், கூடத்தோடும் அடுக்களையோடும் ஓட்டை நிறுத்தி, நெசவறை வாயிலில் ஒரு கற்படி வைத்தால் போதும்.

120 சதுர அடி அறைக்கு ஓரடி ஓடு 120 தேவை. உடைவுக்கும் வெட்டுக்கும் மேலும் 12 வாங்குக. பெட்டிகளின் மேல் அச்சிட்ட நிற எண்ணும் தொகுதி எண்ணும் ஒன்றாயிருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். மீதமாகும் ஓடுகளைப் பரண்மேல் ஏற்றி வையுங்கள். பின்னொரு நாள் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைப்பது அரிது.