மாமாவுக்கு எத்தனை கிலோமீட்டர்?

லீவு தொடங்குவதற்கு முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ரிஷிகேஷ் வந்துவிடுகிறது. ஹரித்வாரில் ஒரு முழுக்கு, சாயங்காலம் கங்கா ஆரத்தி, மறுநாள் ராஃப்ட்டிங். முதல் இரண்டையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது மட்டும் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் தலையில் விழும். அவன் ஆற்றைப் பார்த்தும் முடிவு செய்வதில்லை, கூட வருகிறவர்களைப் பார்த்தும் முடிவு செய்வதில்லை. போன வாரம் கண்ணில் பட்ட ஒரு ரீல்ஸைப் பார்த்து முடிவு செய்கிறான்.

ரிஷிகேஷில் ராஃப்ட்டிங் விற்பது கிலோமீட்டர் கணக்கில். பிரம்மபுரியில் ஏறினால் 9, சிவபுரியில் 16, மரைன் டிரைவில் சுமார் 25, கோடியாலாவில் ஏறினால் 36. எங்கே ஏறினாலும் இறங்குவது ரிஷிகேஷில்தான். கொஞ்சம் பணம் சேர்த்துப் போட்டால் இரண்டு மடங்கு தூரம் கிடைக்கிறதே என்று ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியில் பழகிய மனசு கணக்குப் போடுகிறது. ஆனால் மேலே போகப் போக ஆறே வேறு ஆறாகிவிடும். பிரம்மபுரிக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் முதல், இரண்டாம் கிரேடு அலைகள். நனையலாம், கத்தலாம், சிரிக்கலாம். சிவபுரியில் ஏறினால் ‘ரிட்டர்ன் டு செண்டர்’, ‘ரோலர் கோஸ்டர்’, ‘கோல்ஃப் கோர்ஸ்’ என்று மூன்றாம் கிரேடு அலைகள் வரிசையாக வரும். மரைன் டிரைவ் என்றால் ‘த்ரீ பிளைண்ட் மைஸ்’ கூடுதல். கோடியாலாவில் ஏறுகிறவர்களுக்கு ‘தி வால்’ காத்திருக்கிறது. பெயருக்கேற்றபடி எதிரே சுவர் மாதிரி எழும்பி நிற்கும் அலை. படகு குப்புறக் கவிழ்வதற்குப் பேர்போன இடம்.

இந்தக் கிரேடும் கல்லில் வெட்டிய எழுத்து இல்லை. நவம்பரில் பச்சையாக, அடியில் கிடக்கும் கல் தெரிய ஓடும் கங்கை, மே மாதக் கடைசியில் பனி உருகிக் கலங்கிப் பெருகி வரும். அதே ‘கோல்ஃப் கோர்ஸ்’, வேறு முகம். ‘என் ஃப்ரெண்டு போன வருஷம் போனான், ஒண்ணுமே இல்லைன்னான்’ என்பதெல்லாம் அதனால் சாட்சியம் ஆகாது. அவன் போனது எந்த மாதம் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் அங்கே ராஃப்ட்டிங்கையே நிறுத்திவிடுவார்கள். குடகின் பாராபொளேயில் நிலைமை தலைகீழ், மழை வந்தால்தான் சீசன். தாண்டேலியில் காளி ஆறு, சூபா அணையில் தண்ணீர் திறந்துவிடுவதைப் பொறுத்தது.

இனி ஆளைப் பார்ப்போம். எல்லாக் குடும்பத்திலும் நடக்கும் உரையாடல்தான்.

“மாமா, நீங்களும் வர்றீங்கதானே?”

“எனக்கு நீச்சல் தெரியாதேப்பா.”

“லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க மாமா. நீச்சலே தேவையில்ல.”

பையன் சொல்வது உண்மைதான். ஆனால் மாமா நீச்சலைப் பற்றிப் பேசவில்லை. பயமாக இருக்கிறது என்பதை, அத்தையும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவர் வேறு எப்படிச் சொல்வார்? அடுத்த வரியில் ‘சரி, போலாம்’ என்றுவிடுவார். காலையில் போட்ட பிரஷர் மாத்திரையோடு, தேவபிரயாகையில் அளகநந்தாவும் பாகீரதியும் கலந்து வரும் அந்த ஜில் தண்ணீரில் திடுமென விழுந்தால் மூச்சு எப்படி அடைக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும், அவ்வளவுதான். குளிர் நீர் பட்டதும் தானாக இழுக்கும் மூச்சில் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகாமல் அதனால் தடுக்க முடியாது.

ஆகவே எந்த டிரிப் என்பதை, கூட்டத்தில் ரொம்பவும் தயங்குகிற ஆளை வைத்து முடிவு செய்ய வேண்டும். அதையும் டீக்கடைக்கு அழைத்துப்போய்த் தனியாகக் கேட்க வேண்டும். குழுவில் கேட்டால் ‘ஓகே’ என்று கட்டைவிரல்தான் வரும். ஆபீஸ் கூட்டமாக இருந்தால் இன்னும் மோசம், கேட்கிறவர் மேனேஜராக இருப்பார். இதயக் கோளாறு, வலிப்பு, சமீபத்திய ஆபரேஷன், கர்ப்பம் என்றால் பேச்சே இல்லை, கரையோடு சரி. உத்தராகண்டில் 14 வயதுக்குக் கீழே ஏற்றக் கூடாது. நம்மவர்கள் ஏழாம் வகுப்புப் பையனுக்குக் கூசாமல் இரண்டு வயது கூட்டிச் சொல்கிறார்கள். படகுக்காரர் ஏமாறலாம், பெரியவர்கள் அளவுக்குத் தைத்த ஜாக்கெட் ஏமாறாது. பெல்ட்டையெல்லாம் இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறிவந்தால் அந்தப் பிள்ளை தண்ணீரில் ஜாக்கெட்டுக்குள் இருக்க மாட்டான்.

எல்லோரும் ஒரே படகில்தான் போக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை. பிள்ளைகள் சிவபுரியில் ஏறட்டும், மாமாவும் அத்தையும் பிரம்மபுரியில் ஏறட்டும். ரிஷிகேஷ் கரையில் சேர்ந்து டீ குடிக்கலாம். இந்த எளிய யோசனையை எங்கே சொன்னாலும் வரும் மறுப்பு ஒன்றுதான்: “அப்புறம் குரூப் வீடியோ எப்படி எடுக்குறது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். இன்றைக்குப் படகில் இன்னொரு ஆளாக ஒரு கேமரா ஏறிவிட்டது, எல்லா முடிவையும் அதுதான் எடுக்கிறது. பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்ப வேண்டிய கைடுக்கு இரண்டு கைதான். துடுப்புக்கே இரண்டும் வேண்டும். அதில் ஒன்றில் குச்சி, குச்சி நுனியில் கேமரா. அலைக்கு இருபது மீட்டர் இருக்கும்போது ‘ஃபார்வர்ட்’ என்று கத்த வேண்டியவர், ‘இங்கே பாருங்க, கையைக் காட்டுங்க’ என்கிறார். வீடியோவுக்குத் தனிக் காசு. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, கேட்பது நாம்தானே.

கையைக் காட்டுவதில் உள்ள வம்பைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ராஃப்ட்டிங் துடுப்பின் மேல்நுனியில் ‘டி’ வடிவில் கெட்டிப் பிளாஸ்டிக் பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியே இருக்க வேண்டும். கை விலகிய நேரத்தில் அலை அடித்துத் துடுப்பு துள்ளினால் அந்தப் பிடி பக்கத்திலிருப்பவர் வாயில்தான் போய் இறங்கும். ராஃப்ட்டில் பல் போவது பெரும்பாலும் பாறையால் அல்ல, பக்கத்து ஆளின் துடுப்பால். அலை வரும் விநாடியில் எட்டுப் பேரும் பின்னால் திரும்பிக் கேமராவைப் பார்த்துக் கையாட்டினால் துடுப்பு போடுவது யார்? முன்னேறாத படகை அலை பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும். அதுவும் வீடியோவில் நன்றாகத்தான் விழும்.

கேமரா ஹெல்மெட்டில் இருந்தால் கை சும்மாதானே இருக்கிறது, ஞாபகத்துக்கு ஒன்று வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான், வைத்துக்கொள்ளட்டும். எனக்குக் கேமரா இருக்கும் இடத்தைவிட, அது கேட்கும் தீனியைப் பற்றித்தான் கவலை. அமைதியான 9 கிலோமீட்டரில் லைக் விழாது. அதனால்தான் மாமா ‘தி வால்’ வரைக்கும் இழுத்துப்போகப்படுகிறார்.

கரையில் கைடு பத்து நிமிடம் கட்டளைகளைச் சொல்லித் தருவார், இந்தியும் ஆங்கிலமும் கலந்து. பாதிப் பேர் அப்போது செல்ஃபியில் இருப்பார்கள். மாமாவைக் கையோடு நிறுத்தித் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். ‘கெட் டவுன்’ என்றால் தலையைக் குனிவதில்லை, படகின் உள்ளே இறங்கிக் கயிற்றைப் பிடிப்பது. விழுந்துவிட்டால் மல்லாந்து, பாதம் இரண்டும் நீரோட்டத்தின் திசையில், கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது. கல் இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் ஆளை மடக்கிப் போட்டு அமுக்கிவிடும். இன்னொருவர் விழுந்தால் கையைப் பிடித்து இழுக்காமல் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்குங்கள். முன்வரிசையில் இளவட்டங்கள் உட்காரட்டும், முதல் அலை அவர்கள் மேல்தான். மாமாவுக்கு நடு வரிசை.

பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் போதும். கூடவே ஆபத்துக்கு உதவும் கயாக் வருமா? இன்றைக்குத் தண்ணீர் எப்படி? வழியில் ஒருவர் போதும் என்றால், அவரை இறக்கிவிட்டு ஜீப்பில் அழைத்துப்போக ஏற்பாடு உண்டா? நெடுஞ்சாலை ஆற்றை ஒட்டியே வருவதால் மூன்றாவது ஒன்றும் பெரிய காரியமில்லை. முன்கூட்டியே பேசி, டிரைவர் நம்பரை வாங்கி, தண்ணீர் படாத பையில் போனோடு வைத்துக்கொள்ள வேண்டும். வீடியோ வேண்டாம் என்றும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், ராத்திரி ஆலு பராத்தா வந்ததும் சரியாகிவிடும்.