ஆயா பெயர் எங்கே போயிற்று?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூரில் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

திண்ணையில் பேரன், செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஆயா. அவர் பெயர் கோவிந்தம்மாள். உதவித்தொகைப் பட்டியலில் அந்தப் பெயரைப் பேரன் தேடுகிறான்.

"ஆயா, உன் பேரு இல்லேன்னு வருது!"

"இல்லையா? போன மாசம் எழுதிக்கிட்டுப் போனாங்களே சாமி! கண்ணால பார்த்தேனே!"

பேரன் மறுபடியும் தேடினான். "பதிவு இல்லை" என்று வந்தது. மூன்றாம் முறையும் அதே பதில்!

ஆயா பொய் சொன்னாரா? இல்லை. அவர் பெயர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அப்படியானால் ஏன் கிடைக்கவில்லை?

எழுத்து அல்ல, எண்!

இணையதளத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பேரேடு உண்டு. அதன் பெயர் "டேட்டாபேஸ்". விவரங்களை அட்டவணைகளாக வைத்து ஆளும் முறையை 1970-ம் ஆண்டில் எட்கர் காட் என்ற அறிஞர் வெளியிட்டார். அவர் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தப் பேரேட்டிடம் நாம் கேட்கும் கேள்விக்கு "குவெரி" என்று பெயர்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் "யூனிகோட்" என்ற முறையில் ஓர் எண் உண்டு. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது.

"க" என்றால் 2965. ஓகாரக் குறி 3019. இரண்டும் சேர்ந்தால் "கோ".

இதே "கோ"வை இன்னொரு விதமாகவும் எழுதலாம். "க", இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து எழுதலாம். அப்போது எண்கள் 2965, 3015, 3006.

திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றே! எண்ணுக்கு எண் ஒப்பிடும் டேட்டாபேசுக்கோ இரண்டும் வேறு வேறு. "அப்படி ஆளே இல்லை" என்று கையை விரித்துவிடும். பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய பட்டியல்களில் இந்தக் கோளாறு வரலாம். கோமுகி ஆறும், திருக்கோவிலூரும்கூட இப்படிக் காணாமல் போகலாம்!

பிடிப்பது எப்படி?

திரும்பத் திரும்ப ஒரே பெயரைத் தட்டுவதில் பயன் இல்லை. எந்தப் பெயர் வருகிறது, எந்தப் பெயர் வரவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். முருகன் வருகிறார், கோவிந்தம்மாள், கோபால், சோமு வரவில்லை. துப்பு கிடைத்துவிட்டது!

அடுத்து, பெயரின் ஒரு பகுதியை மட்டும் தேட வேண்டும். "விந்தம்மாள்" என்று தேடினால் ஆயா வந்துவிடுகிறார். ஆகவே, கோளாறு தலை எழுத்தில்தான்! இரண்டு "கோ"வின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ஆயாவின் பெயரைப் புதிதாக இன்னொரு முறை பதிந்துவிட்டால் என்ன? கூடாது! ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு ஆகிவிடும். அது புதிய வம்பு.

சரியான மருந்து இதுதான்: பெயரைச் சேமிக்கும்போதும், தேடும்போதும் எழுத்துகளை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இதற்கு யூனிகோடிலேயே விதி இருக்கிறது. பழைய பதிவுகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றையும் ஒரே முறையாக மாற்ற வேண்டும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. "கௌரி" என்பதைச் சிலர் "கெ", "ள" என்று தனித்தனியாகத் தட்டுவார்கள். அந்த விதி இதைத் திருத்தாது. மனிதர்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

"பதிவு இல்லை" என்று திரை சொன்னதும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. ஏழைக்கு அந்தப் பெயர்தான் உரிமைச் சீட்டு.

கோளாறு தீர்ந்த பிறகு பேரன் மறுபடியும் தேடுகிறான். பெயர் பளிச்சென்று வருகிறது!

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்கிறார் ஆயா.