மஞ்சள் மறைந்தாலும் நோய் மறைவதில்லை

செங்கண்மாரி என்றதும் கீழ்க்காய்நெல்லியைத் தேடுவது எமது வழக்கம். சில நாட்களில் கண்ணின் மஞ்சள் மறைந்துவிட்டால், நோயும் மாறிவிட்டதென நிம்மதி அடைகின்றோம். அந்த நிம்மதியே ஆபத்தாக முடியக்கூடிய அரிய நோயொன்று உண்டு.

ஈரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயே பித்தக்கான். அதன் உட்சுவரில், மெல்லிய விரல்களைப் போன்ற முளைகளுடன் ஒருவகைக் கட்டி வளர்வதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாட்டில் இதற்குத் தனியிடம் அளித்தது. ஜப்பான், கொரியா, தாய்வான் முதலிய கிழக்காசிய நாடுகளிலேயே இது கூடுதலாகக் காணப்படுகின்றது. ஈரலினுள் உண்டாகும் கற்களும், நன்கு வேகாத நன்னீர் மீன் வழியாகப் புகும் ஈரற்புழுவும் இந்நோயுடன் தொடர்புடையன. எனினும் ஏனையோருக்கும் இது வரலாம்.

இக்கட்டிகளுட் சில பசைபோன்ற சளியைச் சுரக்கின்றன. சளி அடைக்கும்போது கண் மஞ்சளாகின்றது, வயிற்றின் வலப்புறம் நோகின்றது, குளிர்காய்ச்சலும் வரலாம். அடைப்பு விலகியதும் யாவும் தணிகின்றன. கட்டியோ அங்கேயே இருக்கின்றது. காலப்போக்கில் புற்றுநோயாகவும் மாறக்கூடும்.

சத்திரசிகிச்சையே முதன்மையான சிகிச்சை. கட்டி ஈரலினுள் ஒரு பக்கத்தில் இருப்பின் அப்பகுதி ஈரல் அகற்றப்படும். நலமான மிகுதி ஈரல் மீண்டும் வளர வல்லது. கட்டி கானின் கீழ்முனையில் இருப்பின் சதையியின் தலைப்பகுதியையும் அகற்ற நேரிடும். சத்திரசிகிச்சையைத் தாங்க இயலாதோருக்குக் கானினுள் சிறு குழாய் வைத்துப் பித்தநீருக்கு வழிசெய்வர். முற்றாக அகற்றப்பட்டால், பித்தக்கானின் ஏனைய புற்றுநோய்களைவிட இதில் நலம்பெறும் வாய்ப்புப் பொதுவாக அதிகம். ஆயினும் கானின் வேறோரிடத்தில் மீண்டும் தோன்றக்கூடுமாதலால், பல ஆண்டுகள் பரிசோதனை தொடர வேண்டும்.

இங்கே எம்மிடமுள்ள குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். வைத்தியர் கூறுவதை மொழிபெயர்க்கப் பள்ளிப் பிள்ளையை அழைத்துச் செல்கின்றோம். "ஈரலை வெட்டப்போகின்றார்கள்" என்பதைப் பத்து வயதுப் பிள்ளை தாயிடம் எப்படிச் சொல்லும்? சில வீடுகளில் 'கட்டி' என்ற சொல்லையே நோயாளியிடம் மறைத்துவிடுகின்றனர். காரணம் அறியாத அவர், மஞ்சள் மறைந்ததும் சத்திரசிகிச்சையை மறுத்துவிடுகின்றார்.

ஆகவே, வைத்தியசாலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்போம். கட்டி எவ்விடத்தில் உள்ளது, முழுவதும் அகற்ற இயலுமா, எவ்வளவு ஈரல் மிஞ்சும், எப்போது மீண்டும் வரவேண்டும் என்ற நான்கு கேள்விகளையும் எழுதிச் செல்வோம். விடைகளை நோயாளியும் அறியட்டும், உடல் அவருடையது.