புள்ளி இடம் மாறினால்...



‘ரஹீம்’ என்ற சொல்லை நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மொழிகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அதன் நடுவே வரும் ‘ஹா’ என்ற எழுத்துக்குப் புள்ளி கிடையாது. அதன் கீழே ஒரேயொரு புள்ளி வைத்துவிட்டால் அது ‘ஜீம்’ ஆகிவிடும். சொல்லும் ‘ரஜீம்’ என்று மாறிவிடும். நிகரற்ற அன்புடையவன் என்ற பொருளில் அல்லாஹ்வுக்குச் சொல்லும் திருநாமம், விரட்டப்பட்டவன் என்று ஷைத்தானுக்குச் சொல்லும் சொல்லாகிவிடும். நஊதுபில்லாஹ்! இடையில் நிற்பது கடுகளவு புள்ளி ஒன்றுதான்.

இதை நான் ஏன் எழுதுகிறேன்? நான் கற்பிக்கும் அரபுக் கல்லூரியின் பரிசளிப்பு வைபவத்துக்காக, வீட்டிலிருந்தபடியே லேசர் வெட்டு இயந்திரத்தில் தொழில் செய்யும் ஒரு சகோதரியிடம், பிஸ்மில்லாஹ் பொறித்த உள்ளங்கை அளவான மேசைப் பலகைகள் அறுபதுக்கு ஓடர் கொடுத்திருந்தோம். பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்தவை அழகாகத்தான் இருந்தன. அடியிலிருந்த ஒன்றை எடுத்து வாசித்தபோது நாக்குத் தடுமாறியது. ‘யா’வின் கீழே இருக்க வேண்டிய இரண்டு புள்ளிகளும் வலப்பக்கம் நகர்ந்து, அவற்றில் ஒன்று ‘ஹா’வின் அடியில் போய் நின்றது. இரண்டு மில்லிமீற்றர்தான் இருக்கும்.

அந்தச் சகோதரி பிழையாக எழுதவில்லை. கணினியில் இருந்த எழுத்துச் சரியானது. அந்த இயந்திரம் எழுத்துக்களின் உடலை முதலில் பொறித்துவிட்டுப் புள்ளிகளைக் கடைசியில் வந்து பொறிக்கிறது. வார்ப்பட்டியை இழுக்கும் பல்லுச் சக்கரத்தின் சிறு திருகாணியொன்று வேலையின் நடுவே தளர்ந்துவிட்டது. அதனால் இயந்திரத்தின் தலை தான் நின்ற இடத்தைத் தவறாக எண்ணிக்கொண்டது. முதலாவது பலகையைப் பார்த்துவிட்டு மீதியைப் பார்க்காமல் பெட்டியில் அடுக்கியதுதான் அவர் செய்த ஒரே தவறு. தகவல் சொன்னதும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், பிழைத்தவை அனைத்தையும் திருப்பியெடுத்துப் புதிதாகச் செய்து தந்தார். மரச் செலவும் அவருடையதே. அவருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இன்று நமது சகோதரிகள் சிலர் இவ்வியந்திரத்தை வைத்துப் பெயர்ப் பலகை, கல்யாணப் பரிசு, றெஹால் என்று செய்து ஹலாலாகச் சம்பாதிக்கிறார்கள். மிக நல்ல காரியம். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தமது கையால் தோல் பதனிட்டும் தைத்தும் உழைத்து, அதனைத் தர்மம் செய்தவர்கள். ஆனால் கைத்தொழில் செய்பவருக்கு அளவு ஓர் அமானிதம். ஸூரா அல்முதஃப்பிஃபீன் அளவில் குறைப்போருக்கு எச்சரிக்கையோடு தொடங்குவதை நீங்கள் அறிவீர்கள். மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் வியாபாரியை எப்படிக் கண்டித்தார்கள் என்பதும் தெரிந்ததே. பெட்டியின் அடியில் கிடந்த பலகையைக் கண்டபோது எனக்கு அந்த ஹதீஸ்தான் நினைவுக்கு வந்தது.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். எனக்கு இதில் எந்தப் பட்டமும் இல்லை. அந்தச் சகோதரியின் வீட்டில் அவருடைய கணவரோடு இருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, பார்த்து எழுதுகிறேன்.

வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் கரியமிலவாயு லேசர் வகையைச் சேர்ந்தவை. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் என்ற விஞ்ஞானி உருவாக்கிய லேசரின் வழிவந்தவை. ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து கிளம்பும் கதிர் மூன்று சிறு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, கடைசியில் ஒரு வில்லையினூடாக இறங்கிப் பலகையை எரிக்கிறது. முதலாவது கண்ணாடி அசையாது. இரண்டாவது குறுக்குச் சட்டத்தோடு முன்னும் பின்னும் போகும். மூன்றாவது தலையோடு இடமும் வலமும் போகும். இம்மூன்றில் ஒன்று மயிரிழை சரிந்தாலும், பக்கத்தில் நன்றாக வெட்டும் இயந்திரம் தூரத்து மூலையில் வெட்டாது. “அந்த மூலையில் மட்டும் பலகை அறுபடுதில்லை, குழாய் பழுதாகிவிட்டது போல” என்று பணத்தைக் கொட்டிப் புதுக் குழாய் வாங்குவோர் உண்டு. பழுது குழாயில் அல்ல, கண்ணாடியில்.

இதைச் சோதிக்கும் விதம் எளியது. இரண்டாவது கண்ணாடியின் வாயில் ஒரு துண்டு மாஸ்கிங் ரேப் ஒட்டி, சட்டத்தைக் கிட்டக் கொண்டுவந்து மிகக் குறைந்த வலுவில் ஒரு கணம் மட்டும் கதிரை விடுவார்கள். ரேப்பில் ஒரு கருகல் விழும். பிறகு சட்டத்தை எட்டத் தள்ளி அதே ரேப்பில் இன்னொரு தடவை. இரண்டு கருகலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் சரி. விலகி விழுந்தால் முதலாவது கண்ணாடியின் திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்பித் திருத்த வேண்டும். அதன்பின் மூன்றாவது கண்ணாடிக்கும் இவ்வாறே செய்து, நான்கு மூலைகளிலும் கருகல் ஓரிடத்திலேயே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வரிசை முக்கியம். இரண்டாவதைத் திருத்திவிட்டு முதலாவதைத் தொட்டால் செய்த வேலை முழுவதும் வீண்.

ஆனால் சகோதரிகளே, ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் பட்டால் விழிவெண்படலத்தை எரித்துவிடும். குழாய்க்குப் போகும் வயரில் பல்லாயிரம் வோல்ற்று ஓடுகிறது. ஆகவே கண்ணாடிகளைத் திருத்தும் வேலையை அது தெரிந்தவர் கையில் கொடுங்கள். அவரும் இதற்கென்றுள்ள கண்ணாடி அணிந்தே செய்ய வேண்டும். மூடியைத் திறந்தால் கதிரை நிறுத்தும் ஆளியை, தொந்தரவு என்று கழற்றிவிடாதீர்கள்.

அளவைச் சோதிப்பதை நீங்களே செய்யலாம். பலரும் 100 மில்லிமீற்றர் சதுரமொன்றை வெட்டி, அளந்து பார்த்து, “99.8தான் இருக்கிறது, இயந்திரம் பிழை” என்று கணினியில் எண்களை மாற்றப் போய்விடுகிறார்கள். அது பிழையல்ல. கதிருக்கும் ஓர் அகலம் உண்டு. தையலில் நாம் தும்புக்கு விடுவது போல, அது எரித்துக்கொண்டு போகும் பகுதி துண்டிலிருந்து குறையும். எனவே முதலில் வெட்டாமல், ஒன்றுக்கொன்று சரியாக 200 மில்லிமீற்றர் தூரத்தில் இரண்டு மெல்லிய கோடுகளைப் பொறித்து, ஒரு கோட்டின் நடுவிலிருந்து மற்றக் கோட்டின் நடுவுக்கு அளந்து பாருங்கள். இதில் கதிரின் அகலம் குறுக்கிடாது. 199 வந்தால்தான் உண்மையான பிழை. அப்போதும் எண்ணை மாற்றுமுன் வார்ப்பட்டியையும் சக்கரத்தின் திருகாணியையும் தொட்டுப் பாருங்கள். அவை இறுக்கமாக இருந்தும் பிழை தொடர்ந்தால் மாத்திரம், கணினியில் உள்ள எண்ணை 200ஆல் பெருக்கி 199ஆல் வகுத்துப் போட வேண்டும். தளர்ந்த திருகாணியோடு எண்ணை மாற்றுவது, கல் தேய்ந்த தராசில் விலையை மாற்றி எழுதுவது போன்றது.

சதுரம் சதுரமாக இருக்கிறதா என்பதற்கு மேசன்மாரின் வழியே போதும். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும்.

கதிரின் அகலத்தை அறிய, 100 மில்லிமீற்றர் நீளத்தைப் பத்துச் சம துண்டாக, இரு ஓரங்களும் உட்பட வெட்டி எடுத்து, அவற்றை நெருக்கி அடுக்கி அளந்து பாருங்கள். 98.5 வந்தால் குறைந்தது 1.5. அதைப் பத்தால் வகுக்க 0.15 மில்லிமீற்றர். றெஹால் போன்று ஒன்றோடொன்று கோர்க்கும் பொருள்களுக்கு இந்தக் கணக்கில்லாமல் முடியாது. இன்னொன்று: கடையில் 6 மில்லிமீற்றர் என்று தரும் பலகை 6 இருப்பதில்லை. நமது கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் எம்.டி.எஃப். பலகை ஊதவும் செய்யும். ஒவ்வொரு பலகையையும் வேர்னியரால் அளந்த பிறகே காடியின் அகலத்தைத் தீர்மானியுங்கள். குர்ஆனைத் தாங்கும் றெஹால் ஆட்டங்காணக் கூடாது அல்லவா?

வில்லைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள உயரமும் அவ்வாறே. ஒரு பலகையைச் சாய்வாக வைத்து அதன்மேல் நீளக் கோடொன்று பொறித்தால், கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் நூல் போல மெலிந்து, மறுபடி தடிக்கும். மெலிந்த இடத்தின் உயரமே சரியான உயரம். அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டியதில்லை.

வில்லையில் புகை படியும். அதைத் துடைக்காமல் விட்டால் அது சூடேறி வெடிக்கும். இயந்திரத்தை நிறுத்தி, மின்செருகியையும் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். அல்ககோல் என்றதும் சில சகோதரிகள் தயங்குவார்கள். இது குடிக்கும் மது அல்ல, குடித்தால் நஞ்சு. இத்தகையவற்றை வெளிப்பாவனைக்கு உலமாக்கள் பலர் அனுமதித்துள்ளார்கள். பேணுதலை நாடுவோர் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொள்ளலாம். வில்லையைத் தொட்டால் எப்படியும் கழுவத்தான் வேண்டும், ஏனெனில் அந்த மஞ்சள் வில்லை செலெனியம் கலந்தது. உடைந்தால் துண்டுகளை வெறுங்கையால் பொறுக்காதீர்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

குழாயைக் குளிர்விக்கும் தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலையில் சரியாக வெட்டிய இயந்திரம் பகல் இரண்டு மணிக்கு வெட்டாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். வெறும் விசிறி வைத்த பெட்டி அறையின் வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் குளிராக்காது. நமது வெக்கையில் குளிரூட்டும் பொறியுள்ள பெட்டியே உதவும். அதற்காக ஐஸ் கட்டிகளை அள்ளிப் போடாதீர்கள். ஈரக் காற்றில் குழாயின்மேல் வியர்த்து, உயர் மின்னழுத்தம் பாயும் இடத்தில் ஆபத்தாகிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரையே ஊற்றுங்கள்.

இறைக்சின், பி.வி.சி. போன்றவற்றை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். கிளம்பும் ஹைதரசன் குளோரைட்டுப் புகை நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். எந்தப் பொருளை வெட்டினாலும் புகை வெளியே போக வழி வையுங்கள். இயந்திரம் ஓடும்போது சோற்றுப் பானையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகாதீர்கள். அக்ரிலிக் தீப்பிடித்தால் அணைய மறுக்கும்.

கடைசியாக, சோதனைக்கு எதை வெட்டுவது என்பது. சிலர் அடுத்த ஓடருக்குரிய ஆயத்தையோ திருநாமத்தையோ போட்டே “ஒருக்கா வெட்டிப் பார்ப்போம்” என்கிறார்கள். அது வேண்டாம். கோடும் சதுரமும் வட்டமுமே போதும். ஆயத் பொறித்த துண்டு பிழைத்துப் போனால் அதைக் குப்பைக் கூடையில் போட முடியாது. சுத்தமான இடத்தில் புதைக்க வேண்டும், அல்லது கண்ணியமாக எரித்துவிட வேண்டும். அந்தச் சகோதரி பிழைத்த பலகைகளை அப்படியேதான் செய்தார். தோட்டத்து மூலையில் அவருடைய வாப்பா குழி தோண்டிக் கொடுத்தார்.

இப்போது அவருடைய இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறு கொப்பி தொங்குகிறது. திகதி, 200 மில்லிமீற்றர்க் கோட்டின் அளவு, தண்ணீரின் சூடு, திருகாணி பார்த்தது. அதோடு, பத்தாவது, இருபதாவது, முப்பதாவது பலகையை எடுத்து வாசித்துப் பார்த்தது என்றொரு கோடும் உண்டு. வாசிப்பது, ஹிப்ளு மத்ரஸாவில் ஓதும் அவருடைய மகன்.

வஸ்ஸலாம்.